பொய் சொல்லாத உணரியும் பொய் சொன்ன செருகியும்
ஒரு பழைய கார் கற்பித்த மின்னியற் பாடம்



விழா மலரிலே தமிழாசிரியர் எழுதும் கட்டுரை திருக்குறளைப் பற்றியோ தைப்பொங்கலைப் பற்றியோ இருத்தல் வழக்கம். நாம் இம்முறை ஒரு காரைப் பற்றி எழுதத் துணிந்தோம். தாயகத்தில் நாம் பௌதிகம் கற்பித்தவர் என்பது இதற்கு ஒரு காரணம். தமிழ் வகுப்பில் வீட்டையும் கோயிலையும் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தால், மின்னையும் இயந்திரத்தையும் பற்றித் தமிழில் எண்ணும் வல்லமை எம் பிள்ளைகளிடம் மெல்ல மறைந்துவிடும் என்ற கவலை மற்றைய காரணம்.

சென்ற மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இடைவேளையின்போது எம்மிடம் வந்தாள். "சேர், அப்பா காரை விற்கப் போகிறாராம். பிறகு நான் தமிழ் வகுப்புக்கு வர ஏலாது" என்றாள். தந்தையார் நகருக்கு வெளியே ஒரு பண்டகசாலையில் அதிகாலை ஐந்து மணிக்கு வேலை தொடங்குபவர். அந்நேரத்தில் அவ்விடத்திற்குப் பேருந்து இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவரது கார், கடுங்குளிர் நாள்களில் மட்டும் உயிர்பெற மறுத்தது. மூன்று நாள் பிந்திப் போனார்; நான்காம் முறை பிந்தினால் வரவே வேண்டாம் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

அன்று மாலை அவரைச் சந்தித்தோம். "மாஸ்ரர், சென்சரை ரெண்டு தரம் மாத்திப் போட்டினம். இப்ப கொம்பியூட்டரை மாத்த வேணுமாம். அந்தக் காசுக்கு இன்னொரு பழைய கார் வாங்கலாம்" என்றார். எம்மிடம் இருந்தவை ஒரு பல்மானியும், கைத்தொலைபேசியுடன் இணையும் சிறிய குறிவாசிப்பான் ஒன்றும், பழைய பாடக்குறிப்புகளுமே. கணினியை மாற்றுமுன் ஒரு கிழமை பொறுக்குமாறு வேண்டினோம்.

முதலில், குளிரிலே கார் ஏன் அடம்பிடிக்கிறது என்று விளங்கிக்கொள்வோம். பெற்றோல் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. அதன் ஆவியே எரிகிறது. நன்கு சூடேறிய இயந்திரத்தில் 14.7 கிராம் காற்றுக்கு ஒரு கிராம் பெற்றோல் என்ற விகிதம் போதும். இயந்திரம் உறைகுளிரில் நிற்கும்போதோ, உட்செலுத்தப்படும் பெற்றோலின் பெரும்பகுதி ஆவியாகாமல் உலோகச் சுவர்களிலே படிந்துவிடுகிறது. தீப்பொறிக்கு வேண்டிய ஆவியைப் பெற, வழமையிலும் பல மடங்கு பெற்றோலைச் செலுத்துவதே வழி.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெற்றோருக்கு இதனை விளக்கத் தேவையில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் பொன்னாயிருந்தது. ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரத்தை மண்ணெண்ணெயால் எழுப்ப இயலாது. அது எளிதில் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலைக் காபுரேற்றரில் விட்டு இயந்திரத்தை எழுப்பி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். சிறுவராயிருந்த நாம் அந்தப் புகையின் பின்னால் ஓடியவர்கள். சிறிய போத்தலிலிருந்து எத்தனை துளி விடவேண்டும் என்பதைச் சாரதி இயந்திரத்தைத் தொட்டுப் பார்த்தே தீர்மானித்தார். அவர் கைதான் அந்தக் காரின் வெப்ப உணரி.

இக்காலக் கார்களில் அந்தக் கையின் வேலையை ஒரு சிறு கருவி செய்கிறது. 1967 இல் ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் டி-ஜெற்றோனிக் என்னும் மின்னணு எரிபொருள் உட்செலுத்தும் முறையை வொல்க்ஸ்வாகன் 1600 காரிலே புகுத்தியது. அன்று தொட்டு, இயந்திரத்தின் வெப்பநிலையை அறிய ஓர் உணரி தேவைப்பட்டது. பித்தளை உறையொன்றினுள் மங்கனீசு, நிக்கல் போன்ற உலோகங்களின் ஒட்சைட்டுகளாலான ஒரு சிறு மணி, அதிலிருந்து இரு கம்பிகள், அவ்வளவே. ஆங்கிலத்தில் தேர்மிஸ்ரர் எனப்படும் இதனை நாம் வெப்பத்தடையி என்போம். செப்புக் கம்பியைச் சூடாக்கினால் அதன் தடை கூடும் என்று படித்திருக்கிறீர்கள். வெப்பத்தடையியில் நிகழ்வது அதற்கு எதிர்மாறு. சூடாகச் சூடாகத் தடை குறையும். இவ்வியல்பை மைக்கேல் பரடே 1833 இலேயே வெள்ளிச் சல்பைட்டில் கண்டறிந்தார். அவர் காலத்தில் அது ஒரு விந்தையாக மட்டுமே இருந்தது.

பல ஐரோப்பியக் கார்களில் உள்ள உணரியின் தடை பின்வருமாறு அமையும். இவ்வட்டவணையை உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கட்டுரை முழுவதும் இது வேண்டியிருக்கும்.

மறை 10 பாகை செல்சியஸ்: ஏறத்தாழ 9400 ஓம்
0 பாகை: 5900 ஓம்
20 பாகை: 2500 ஓம்
30 பாகை: 1700 ஓம்
40 பாகை: 1180 ஓம்
60 பாகை: 600 ஓம்
80 பாகை: 320 ஓம்
90 பாகை: 240 ஓம்

குளிரில் இரு அடுத்தடுத்த எண்களின் இடைவெளி எவ்வளவு பெரிது, சூட்டில் எவ்வளவு சிறிது என்பதைக் கவனித்தீர்களா? இதன் பொருள் பின்னர் வரும்.

கணினிக்கு ஓம் தெரியாது. வோல்ற்று மட்டுமே தெரியும். ஆகையால் அது 5 வோல்ற்று அழுத்தத்தைத் தன்னுள்ளே இருக்கும் ஒரு நிலையான தடையினூடாக உணரிக்கு அனுப்புகிறது. இரு தடைகளும் தொடர்நிலையில் அமைவதால் 5 வோல்ற்றும் அவற்றிற்கிடையே பங்கிடப்படும். உள்ளே இருப்பது 2000 ஓம் என்று கொள்வோம். 20 பாகையில் உணரிக்குக் கிடைக்கும் பங்கு 5 × 2500 ÷ 4500, அதாவது 2.78 வோல்ற்று. மறை 10 பாகையில் 4.12 வோல்ற்று. 80 பாகையில் 0.7 வோல்ற்றுக்கும் சற்றுக் குறைவு. வோல்ற்று உயர்ந்தால் "குளிர், பெற்றோலைக் கூட்டு" என்றும், தாழ்ந்தால் "சூடு, பெற்றோலைக் குறை" என்றும் கணினி முடிவு செய்கிறது. அது வெப்பநிலையைத் தொட்டுப் பார்ப்பதில்லை. கம்பியில் வந்து சேரும் வோல்ற்றை நம்புகிறது.

நம்பிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. கம்பி அறுந்து போனால் கணினிக்கு முழு 5 வோல்ற்றும் தெரியும். இரு கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் சுழியம் தெரியும். இரண்டும் நடவாத வெப்பநிலைகள் ஆதலால், கணினி உடனே எச்சரிக்கை விளக்கை ஏற்றி, ஒரு குறியீட்டையும் பதிந்து வைக்கும். ஐக்கிய அமெரிக்காவில் 1996 ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்தும் கனடாவில் 1998 ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்தும் இக்குறியீடுகள் பொதுவாக்கப்பட்டன. குளிர்நீர் உணரியின் வோல்ற்று மிகத் தாழ்ந்தால் பி0117, மிக உயர்ந்தால் பி0118. எமது நண்பரின் காரில் விளக்கும் எரியவில்லை, குறியீடும் இல்லை. அதனாலேயே திருத்துநர் தடுமாறினார் போலும்.

அவரை நாம் குறைகூற மாட்டோம். வண்டியை மாலையில் கொண்டுபோய் விடுவார்கள். அது சூடேற்றப்பட்ட கூடத்துள் இரவு முழுதும் நிற்கும். காலையில் சாவியைத் திருப்பியவுடன் சமர்த்தாக எழும்பும். நோயாளி வைத்தியரைக் கண்டதும் காய்ச்சல் விட்டது போன்ற கதை இது. ஆயினும், காரணத்தை அளந்து காணாமல் ஓர் உணரியை மாற்றி, பயனில்லை என்று கண்ட பின் அதே உணரியை மீண்டும் மாற்றியது எமக்கு ஏற்புடையதன்று. அந்த இரண்டு உணரிகளுக்கும் கூலிக்கும் சேர்த்து, அந்தத் தந்தை ஒரு கிழமைச் சம்பளத்தைக் கொடுத்திருந்தார்.

அடுத்த சனிக்கிழமை விடியற்காலை ஆறு மணிக்கு அவர் வீட்டு முன்றலில் நின்றோம். மகளும் தலைமூடியும் கையுறையுமாய்க் கொப்பியுடன் வந்துவிட்டாள். வெளிவெப்பநிலை மறை 10 பாகை. இரவு முழுதும் கார் வெளியில் நின்றது. இயந்திரத்தை எழுப்பாமல், சாவியை மின் இணையும் நிலைவரை மட்டும் திருப்பி, குறிவாசிப்பானில் இரு எண்களை வாசித்தோம்.

இது எந்தப் பெற்றோரும் செய்யக்கூடிய சோதனை. இரவு முழுதும் குளிரில் நின்ற காரில் உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை, குளிர்நீரின் வெப்பநிலை, வெளி வெப்பநிலை ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகவே இருத்தல் வேண்டும். வேறு வழியில்லை; இரவு முழுதும் நின்ற இரும்பு சுற்றாடலின் வெப்பநிலைக்கே வந்து சேரும்.

காற்று மறை 10 என்றது. குளிர்நீர் 27 என்றது.

உறைகுளிரில் நிற்கும் காரின் கணினி, தான் சித்திரை மாதத்து நடுப்பகலில் நிற்பதாக எண்ணிக்கொண்டிருந்தது! 27 பாகைக்கு உரிய சிறிதளவு பெற்றோலையே செலுத்தியது. அதில் ஆவியாவது எவ்வளவு? தீப்பொறிக்குப் பற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. அந்தத் தந்தை, பெற்றோல் போதாது என்று சரியாகவே ஊகித்து, மிதியை அடிவரை அழுத்திப் பார்த்திருக்கிறார். மிதி முழுதும் அழுத்தப்பட்டால், பெற்றோல் மிகுந்து நனைந்துவிட்டது என்று பல கார்களின் கணினிகள் பொருள் கொண்டு, எழுப்பும்போது இருப்பதையும் நிறுத்திவிடும். பழைய காபுரேற்றர் வழக்கம் இங்கே எதிராய் முடிந்தது.

"அப்படியென்றால் புதிய சென்சரும் பிழையா?" என்றாள் மாணவி. நல்ல வினா. சாவியை அணைத்துவிட்டு, உணரியின் தலையில் பொருந்தியிருந்த செருகியைக் கழற்றி, உணரியின் இரு முனைகளுக்கிடையே பல்மானியை வைத்தோம். 9500 ஓம். அட்டவணையைப் பார்த்து அவளே சொன்னாள்: மறை 10 பாகை, உணரி சரி.

(இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. தடையை அளக்கும்போது செருகியைக் கழற்றியே அளக்க வேண்டும். கணினியோடு இணைந்திருக்கும்போது அளந்தால் எண் பிழைக்கும்.)

அடுத்து நிகழ்ந்ததுதான் அன்றைய பாடம். கழற்றிய செருகியை அப்படியே தொங்கவிட்டு, சாவியை மீண்டும் திருப்பினோம். இப்பொழுது உணரியே இல்லை. கம்பி அறுந்ததற்குச் சமன். குறிவாசிப்பான் மறை 40 காட்ட வேண்டும். காட்டியதோ 21 பாகை!

உணரி இல்லாத இடத்தில் வெப்பநிலை சொல்வது யார்? கம்பிகளுக்கிடையே வேறெங்கோ ஒரு தடை கள்ளத்தனமாய் ஒளிந்திருக்கிறது என்பது தெளிவாயிற்று. 21 பாகைக்குரிய தடை 2400 ஓம் அளவில் என்பதை அட்டவணையைத் தலைகீழாய் வாசித்து அறிந்தோம். கணக்கை எளிதாக்க 2500 என்று வைத்துக்கொள்வோம். செருகியை மாட்டியதும் இத்தடையும் உணரியும் சமாந்தரமாக அமைகின்றன. சமாந்தரத் தடைகளின் விளையுளைக் காண, இரண்டின் பெருக்கத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும்:

குளிரில்: 9400 × 2500 ÷ 11900 = 1975 ஓம். இது ஏறத்தாழ 26 பாகைக்குரியது.
சூட்டில்: 320 × 2500 ÷ 2820 = 284 ஓம். இது ஏறத்தாழ 84 பாகைக்குரியது.

பிள்ளைகளே, இவ்விரு வரிகளையும் ஒருமுறை நிதானமாய்ப் பாருங்கள். ஒரே கள்ளத்தடை, குளிரிலே 36 பாகைப் பொய்யும் சூட்டிலே நான்கு பாகைப் பொய்யும் சொல்கிறது. நீரோட்டம் அகன்ற வாய்க்காலை விட்டு ஒடுங்கிய வாய்க்காலுக்குப் போகாது அல்லவா? சூட்டில் உணரி அகன்ற வாய்க்கால். மின்னோட்டம் அதனூடாகவே செல்லும். பக்கத்துக் கசிவு பொருட்டன்று. குளிரில் உணரி ஒடுங்கிவிடுகிறது, கசிவே பெருவழியாகிறது. கார் கூடத்துள் நல்ல பிள்ளையாய் இருந்ததும், விளக்கு எரியாததும், இரு புதிய உணரிகளும் பயன்படாததும் இவ்விரு வரிகளால் ஒருங்கே விளங்கிவிட்டன. 26 பாகை நடக்கக்கூடிய வெப்பநிலைதானே. கணினிக்கு ஐயம் எழ இடமில்லை.

செருகியின் உள்ளே கைவிளக்கைப் பிடித்துப் பார்த்தோம். நீர் புகாமல் தடுக்கும் இறப்பர் வளையம் முதுமையால் வெடித்திருந்தது. வீதியிலே பனியை உருக்கத் தூவும் உப்பு, நீருடன் கலந்து பல மாரிகளாக உள்ளே சென்றிருக்க வேண்டும். இரு முனைகளுக்கும் நடுவே பச்சையும் வெள்ளையுமாய் ஒரு பொருக்குப் பாலம். உப்புநீர் மின்னைக் கடத்தும் என்பதை ஏழாம் வகுப்பிலேயே படித்திருப்பீர்கள். அதனூடாக இடையறாது மின் ஓடும்போது செம்பும் அரிந்து பச்சைக் களிம்பாகிறது.

மின்தொடுகைகளுக்கென விற்கும் தெளிப்பானால் கழுவி, பழைய பற்தூரிகையால் தேய்த்து, உலர்த்தி மீண்டும் பார்த்தோம். மறை 3 காட்டியது. முன்னேற்றம்தான், ஆயினும் மறை 40 அன்று. செருகியின் பிளாத்திக்கு இடுக்குகளில் களிம்பு இன்னும் இருந்தது. அரைகுறையாய் விட்டால் அடுத்த மாரியில் மீண்டும் தொல்லை தரும் என்றெண்ணி, பழைய கார்களைப் பிரித்து விற்கும் முற்றமொன்றில், அதே வகைக் காரிலிருந்து சாண் நீளக் கம்பியோடு ஒரு நல்ல செருகியை வெட்டி வாங்கினோம். இருவர் ஒரு வேளை உணவருந்தும் செலவுதான்.

பொருத்தும் முறையையும் சுருங்கக் கூறுவோம். பற்றரியின் மறைமுனையை முதலிற் கழற்றினோம். பழைய செருகியை வெட்டியபோது, உள்ளிருந்த செம்பு கறுத்திருந்தது. களிம்பு கம்பியின் உறைக்குள்ளும் ஊர்ந்து செல்லும். ஒளிரும் செம்பு தெரியும்வரை சிறிது சிறிதாய் வெட்டிக்கொண்டே போகவேண்டும். நாம் மூன்று விரலளவு வெட்டினோம். இரு இணைப்புகளும் ஒரே இடத்தில் அமையாதவாறு ஒன்றை நீளமாகவும் மற்றதைக் குறுகியதாகவும் விட்டு, ஈயப்பற்று வைத்து, சூட்டிற் சுருங்கும் குழாயால் மூடினோம். குழாயை முன்னதாகவே கம்பியில் கோத்துவிட வேண்டும். பற்று வைத்த பின் அதனை நினைத்துத் தலையிலடித்துக் கொள்வோர் பலர். நாமும் அன்று ஒருமுறை அடித்துக்கொண்டோம். இறுதியாக இறப்பர் வளையத்தில் சிறிது சிலிக்கோன் களிம்பு பூசினோம்.

பற்றரியை இணைத்து, செருகியைத் தொங்கவிட்டுப் பார்த்தபோது மறை 40. செருகியை மாட்டினோம், மறை 7. வெயில் சற்று ஏறியிருந்தது. தந்தையார் சாவியைத் திருப்பினார். இரண்டாம் சுற்றுக்குக்கூட விடாமல் இயந்திரம் எழுந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கதவைத் திறந்தபடியே இருந்து அந்த ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று தமிழ் வகுப்புக்கு எம்மையும் மகளையும் அவரே ஏற்றிச் சென்றார். பங்குனிக் குளிரிலும் அவர் வேலைக்குப் பிந்தவில்லை.

வீட்டில் இதனைச் செய்ய விரும்புவோருக்குச் சில சொற்கள். இயந்திரம் சூடாயிருக்கும்போது குளிர்நீர்த் தொட்டியின் மூடியைத் திறக்கவே கூடாது; அமுக்கத்திலுள்ள கொதிநீர் முகத்தில் பாயும். பச்சையோ செம்மஞ்சளோ நிறமுடைய அந்நீர் இனிப்பானது, ஆனால் நஞ்சு; சிந்தினால் உடனே கழுவிவிடுக. மின்விசிறி சில கார்களில் இயந்திரம் நின்ற பின்னும் தானாய்ச் சுழலத் தொடங்கும். மஞ்சள் நிறச் செருகிகள் பெரும்பாலும் காற்றுப்பைக்குரியவை, அவற்றைத் தொடவேண்டாம். பிள்ளைகள் பெரியவர் துணையின்றி மூடியைத் தூக்கலாகாது.

கழற்றிப்போட்ட இரு உணரிகளையும் அந்தத் தந்தை எமது வகுப்புக்குத் தந்துவிட்டார். அவற்றில் ஒன்றை நூலிற் கட்டி, பனிக்கட்டி நீரிலும், பின்னர் சிறிது சிறிதாய்ச் சூடாக்கிய நீரிலும் தொங்கவிட்டு, வெப்பமானியும் பல்மானியும் கொண்டு மாணவர் அளந்தனர். வன்னியில் நாம் கற்பித்த பாடசாலையில் வெப்பத்தடையி என்பது கரும்பலகையில் வரைந்த ஒரு குறியீடாகவே இருந்தது. இங்கே அது பத்துப் பிள்ளைகளின் கைகளில் மாறி மாறிச் சென்றது. அவர்கள் வரைந்த வளைகோடு விழா மண்டபத்தின் வாயிலருகே கண்காட்சியில் வைக்கப்பட்டுள்ளது. 60 பாகைப் புள்ளி கோட்டை விட்டு விலகி நிற்பதைக் காண்பீர்கள். வெப்பமானி பாத்திரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்ததாம். அவர்களே கண்டுபிடித்துக் கீழே எழுதியிருக்கிறார்கள்.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு. மேற்கண்ட காரில் களிம்பு இரு முனைகளுக்கு நடுவே பாலமாய் நில்லாமல், ஒரு முனையின் தொடுகையையே மூடி, உணரியோடு தொடர்நிலையில் 1200 ஓம் தடையாக அமைந்திருந்தால் என்ன நிகழும்? மறை 10 பாகையிலும் 80 பாகையிலும் கணினி எத்தனை பாகை என்று எண்ணும்? கார் எப்பொழுது அடம்பிடிக்கும், காலையிலா, நெடுந்தூரம் ஓடிய பின்னா? பெற்றோல் செலவுக்கும் புகைக்கும் என்ன நேரும்? அட்டவணையை வைத்துக்கொண்டு தமிழில் எழுதி, விழா முடிந்து வரும் முதல் வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.